பொட்டலம் என்ற லேபிள்

ஜூன் 1, ஞாயிறு

பழைய இடத்தை மூடப்போகிறார்களாம். ஆகஸ்ட் முடிவதற்குள் அவரவர் வலைப்பூவை அவரவர் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும், அதற்குமேல் எதற்கும் பொறுப்பில்லை என்று மெயில் வந்திருக்கிறது. வீட்டைக் காலிபண்ணச் சொல்கிற ஓனர்கூட இதைவிட மரியாதையாகச் சொல்வார். பதினாறு வருஷமாக எழுதுகிறேன். கோவில்பட்டியில் செண்பகவல்லி என்று தேடினால் முதலில் அம்மன் வரும், அடுத்தது நானும் என் ‘புளிக்கரைசல்’ வலைப்பூவும்தான் வருவோம்.

சவூதியில், தம்மாமில் இருக்கும் மெஹருன்னிசாதான் வழி சொன்னாள். அவளும் என்னைப் போல பழைய பதிவர். அவளுடையதைப் போன மாதமே புது இடத்துக்கு மாற்றிவிட்டாள். “மாத்தி முடிக்கிற வரைக்கும் புதுசா ஒண்ணும் போடாதீங்கக்கா, குழப்பமாயிரும்” என்றாள். எழுதாமல் எனக்குக் கை அரிக்கும். இவருக்கு ஆபீசில் கொடுத்த மின்வாரிய டைரி சும்மா கிடந்தது. அதில் எழுதுகிறேன்.

மகள் சுபா நாளைக்கு வேலையில் சேர்கிறாள். தூத்துக்குடியில் தனியார் பள்ளி, ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். ஒரு வருஷம் எப்படி நடத்துகிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்களாம். ஹாஸ்டலுக்குத் துணி அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

“எம்மா, புது இடத்துக்குப் போறது போ. பொட்டலம் எதையும் அங்க கொண்டு போகாத.”

பொட்டலம் என்பது அவள்தான். சின்ன வயதில் போர்வையைத் தலையோடு காலாகச் சுற்றிக்கொண்டு தூங்குவாள், மூக்கு மட்டும் தெரியும். வலைப்பூவில் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தேன். அவள் சேட்டைகளை எழுதிய பதிவுகளுக்கெல்லாம் ‘பொட்டலம்’ என்று ஒரு லேபிள் உண்டு.

“ஏன்ட்டி, எவ்வளவு பேரு ஆசையா படிச்சாங்க தெரியுமா?”

“படிச்சது போதும். நான் இப்ப டீச்சர்ம்மா.”

சரி என்றேன்.

ஜூன் 3, செவ்வாய்

தண்ணீர் வந்த நாள். எட்டு நாளைக்குப் பிறகு வந்தது. குடம், அண்டா, வாளி எல்லாம் நிரப்பி நிமிர்ந்தபோது இடுப்பு கழன்றுவிட்டது.

மத்தியானம் மெஹர் வீடியோவில் வந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். பதினாறு வருஷத்து எழுத்தும் ஒரே ஃபைலாக இறங்கியது. அதைப் புது இடத்தில் ஏற்றினோம். அறுநூற்றுச் சொச்சம் பதிவுகளும் பின்னூட்டங்களோடு வந்து உட்கார்ந்துவிட்டன. படங்கள் பாதிக்கு மேல் வரவில்லை. இன்னும் யாருக்கும் தெரியாது. நான் ‘திற’ என்றால்தான் திறக்கும்.

“பொட்டலத்த மட்டும் எடுக்கணுமாக்கா? அந்த லேபிளத் தட்டி எல்லாத்தையும் செலக்ட் பண்ணி எடுத்துருங்க, ஒரு நிமிஷ வேலை” என்றாள்.

முதலில் எல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன், எடுப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

ஜூன் 5, வியாழன்

மாவு பொங்கி ஃபிரிட்ஜெல்லாம் வழிந்துவிட்டது. துடைத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

சுபா வந்திருந்தாள். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. முதல் நாளே பின் பெஞ்சில் ஒருத்தன் பூனை மாதிரி கத்தினானாம். இவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் “மீன் கொண்டுவரலப்பா, நாளைக்குப் பாக்கலாம்” என்றாளாம். வகுப்பே சிரித்துவிட்டு அடங்கிவிட்டதாம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என் வாய் அப்படியே வந்திருக்கிறது.

என் முகத்தைப் பார்த்தவள் பேச்சை நிறுத்திவிட்டாள். “எம்மா, இத எழுதிராத.”

“நான் எங்கட்டி எழுதப் போறேன்.”

“பொட்டலத்த எல்லாம் எடுத்துட்டியா?”

“எடுத்துக்கிட்டே இருக்கேன்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஒன்றைக்கூட எடுக்கவில்லை. அவள் தட்டில் இன்னொரு தோசை வைத்தேன். அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது.

ஜூன் 12, வியாழன்

ஒவ்வொரு பதிவாகப் பார்த்துவருகிறேன். உண்மையைச் சொன்னால் என்ன, இந்த டைரியை யார் படிக்கப்போகிறார்கள்? பொட்டலத்தை எடுத்துவிட்டால் என் வலைப்பூவில் மிஞ்சுவது தக்காளித் தொக்கும், கியாஸ் புக்கிங்கில் நான் போட்ட சண்டையும்தான். அதிகம் பேர் படித்த பத்துப் பதிவுகள் என்று ஒரு பட்டியல் காட்டுகிறது. ஒன்பது பொட்டலம். பத்தாவது ரசப்பொடி. பதினாறு வருஷம் எழுதி நான் சம்பாதித்த பெயரே அதுதான்.

அதில் முதலாவது, ‘பொட்டலம் நனைந்த கதை’. அவள் ஐந்தாம் வகுப்பில் படுக்கையை நனைத்துக்கொண்டிருந்த வருஷம். தினமும் காலையில் மெத்தையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போக, எதிர்வீட்டுப் பொம்பளை “என்னக்கா, தினம் மெத்தை வியாபாரமா?” என்று கேட்க, நான் சொன்ன பதில்கள். இருநூறு பின்னூட்டத்துக்கு மேல் வந்தது. சிரித்து வயிறு வலிக்கிறது என்று கனடாவிலிருந்துகூட எழுதினார்கள்.

ஒரு வழி தோன்றியது. எங்கெல்லாம் ‘சுபா’ என்று தப்பித் தவறி எழுதியிருக்கிறேனோ அங்கெல்லாம் எடுத்துவிட்டேன். அவள் முகம் தெரிகிற படங்களையும் எடுத்துவிட்டேன். இனி பொட்டலம் யாரென்று யாருக்குத் தெரியும்? அவள் கேட்டதும் இதைத்தானே. ஏறக்குறைய இதைத்தான்.

ஜூன் 15, ஞாயிறு

திறந்துவிட்டேன்.

சுபா இந்த வாரம் வரவில்லை, சக டீச்சர் வீட்டில் காதுகுத்து. அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். பழைய வாசகர்கள் எல்லாருக்கும் மெயில் அனுப்பவா என்று புது இடம் கேட்டது, அனுப்பு என்றேன். எந்தப் பதிவை மேலே நிறுத்தட்டும் என்று கேட்டது. மெத்தைக் கதையை நிறுத்தினேன். அதற்கு மேலே நாலு வரி முன்னுரை புதிதாக எழுதினேன். நன்றாக வந்தது. லிங்கை வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தேன்.

இவர் டீ குடித்துக்கொண்டே போனில் பார்த்தார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். டம்ளரைக் கழுவுகிற மனுஷனே இல்லை அவர்.

ஜூன் 18, புதன்

மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்தவர்களெல்லாம் வந்து பின்னூட்டம் போடுகிறார்கள். “அக்கா, பொட்டலம் எப்படி இருக்கா?” என்றுதான் எல்லாருக்கும் முதல் கேள்வி. பதில் போட்டுப் போட்டு விரல் தேய்ந்துவிட்டது. தூத்துக்குடியிலிருந்து ஒரு அம்மா மிகவும் பிரியமாக விசாரித்திருந்தார். அவருக்கும் பதில் போட்டேன்.

குழம்பு அடிப்பிடித்துவிட்டது. தயிர் ஊற்றிச் சமாளித்தோம்.

ஜூன் 22, ஞாயிறு

சுபா வரவில்லை. பேப்பர் திருத்த வேண்டும் என்று மெசேஜ் அனுப்பினாள். பள்ளி திறந்து மூன்று வாரத்தில் என்ன பேப்பர் என்று தெரியவில்லை. போன் பண்ணினேன், எடுக்கவில்லை. எனக்குள் சின்னதாக ஒன்று உறுத்தியது. வேலை இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 25, புதன்

சாயங்காலம் மாடியில் காயப்போட்ட வத்தலை அள்ளிக்கொண்டு இறங்கினேன். சுபா அடுப்படியில் நிற்கிறாள். புதன்கிழமை இவள் எதற்கு வந்தாள் என்று எனக்குப் பகீரென்றது.

“என்னட்டி, லீவா?”

பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேடையில் வைத்தாள். பேப்பரில் மடித்து, சணல் போட்டுக் கட்டியிருந்தது.

“பிரிச்சுப் பாரு.”

ஊரில் கடலைமிட்டாய்க்குப் பஞ்சமா, இதை ஏன் தூத்துக்குடியிலிருந்து சுமந்து வந்தாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிரித்தேன். பச்சைக் குழந்தைக்குப் போடுகிற டயப்பர். அதன் மேல் கொட்டை எழுத்தில் ‘பொட்டலம் மிஸ்ஸுக்கு’ என்று எழுதியிருந்தது.

“போன வெள்ளிக்கிழமை என் மேஜை மேல இருந்துச்சு. சாக்பீஸ்னு நெனச்சு அவனுக முன்னாடியே பிரிச்சேன்” என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. “மொத்த வகுப்பும் பாத்துச்சு. இப்ப ஏழாவது எட்டாவதெல்லாம் என்னப் பாத்துப் பொட்டலம்னு கத்திட்டு ஓடுதுக. நேத்து பிரின்சிபால் கூப்பிட்டு, என்ன மிஸ் இதெல்லாம்னு கேட்டாங்க. நான் என்னத்தச் சொல்ல?”

அப்போதும் என்ன சொன்னேன் தெரியுமா? “ஒம் பேர எடுத்துட்டேனே சுபா. படத்தையும் எடுத்துட்டேனே.”

அவள் போனை எடுத்து என் முன்னுரையைப் படித்தாள். முதல் மூன்று வரியை விட்டுவிட்டு நாலாவது வரியை மட்டும் படித்தாள். “அன்று மெத்தையை நனைத்த பொட்டலம்தான் இன்று தூத்துக்குடியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர்!” பிறகு கீழே பின்னூட்டங்களுக்குத் தள்ளிப் போய், எம் பையனும் அங்கேதான் ஒன்பதாவது படிக்கிறான், எந்த ஸ்கூல் அக்கா என்று ஒரு அம்மா கேட்டதைப் படித்தாள். அதற்கு நான் போட்ட பதிலையும் படித்தாள். பள்ளியின் முழுப் பெயர், பக்கத்திலேயே கைகூப்புகிற பொம்மை.

இந்த டைரியிலேயே அதை நான் எழுதவில்லை. பதில் போட்டேன் என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

“பெருமையிலதாண்டி சொன்னேன்.”

“தெரியும்மா. எடுத்துக்கிட்டே இருக்கேன்னு சொன்னியே, அதையும் பெருமையிலதான் சொன்னியா?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நின்றுகொண்டே இருந்தேன், வத்தல் முறம் கையிலேயே இருந்தது. அவள்தான் அதை வாங்கி மேடையில் வைத்தாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அந்தக் கதையில நீ மெத்தையத் தூக்கிட்டு மாடிக்குப் போற. எதிர்வீட்டு அத்தை கேக்காங்க, நீ பதில் சொல்லுத. நீ எப்பம்மா தூக்கின?”

மேடையில் கிடந்த சணலை எடுத்து விரலில் சுற்றினேன்.

“தூக்கினது அப்பா. பதில் சொல்லத் தெரியாம தலையக் குனிஞ்சிட்டு வருவாரு. நீ அப்ப சண்டை போட்டுட்டு சங்கரன்கோவில்ல ஒங்க அம்மா வீட்டுல இருந்த. நீ திரும்பி வர ஏழு மாசமாச்சு. நீ போன பெறகுதான் எனக்கு அப்படி ஆச்சு. மெத்தையெல்லாம் எழுதினியே, அத ஏன் எழுதல?”

“அது வீட்டு விஷயம்ட்டி” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது என் காதிலேயே விழுந்தது. அவளும் கேட்டாள். “ஓ” என்றாள். அவ்வளவுதான்.

இவர் வேலையிலிருந்து வந்ததும் அப்பாவும் மகளும் முன்னறையில் உட்கார்ந்து டிவியில் என்னவோ பார்த்தார்கள். நான் தோசை சுட்டுச் சுட்டுக் கொண்டுபோய் வைத்தேன். அந்தப் பொட்டலம் அன்றைக்கு வந்த பிறகு வகுப்பில் என்ன செய்தாய், எப்படிச் சமாளித்தாய் என்று அவளைக் கேட்டேன். தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

“அதச் சொன்னா எழுதிருவ” என்றாள்.

ஜூன் 26, வியாழன்

விடிந்ததும் முதல் பஸ்ஸில் போய்விட்டாள்.

பொட்டலம் லேபிளைத் தட்டினேன். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எடுத்தேன். மெஹர் சொன்னது சரி, ஒரு நிமிஷம்தான் ஆனது. முன்னுரையையும் எடுத்தேன். பழைய இடத்துக்கும் போய் அங்கிருந்தும் எடுத்தேன். அப்புறம் மெஹருக்குப் போன் போட்டு, மெயிலில் போனதைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டேன்.

“முடியாதேக்கா. அது அவங்கவங்க பெட்டிக்குள்ள போயிருச்சே” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “ஏங்க்கா, என்னாச்சு?” என்றாள்.

கரண்ட் போய்விட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். மின்வாரியக்காரர் பெண்டாட்டி சொல்கிற பொய்யா இது!

ஜூன் 28, சனி

இவரிடம் கேட்டேன். “மெத்தையத் தூக்கினது நீங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமே. அந்தப் பதிவ அப்பவே படிச்சீங்களே. ஏன் ஒரு வார்த்த சொல்லல?”

ஆவுடையப்பன் என்று அவ்வளவு நீளப் பெயர் வைத்துக்கொண்டு ஆமாம், இல்லை என்ற இரண்டு வார்த்தையோடு முப்பது வருஷத்தை ஓட்டிய மனுஷர். யோசித்து யோசித்துச் சொன்னார். “நீ திரும்பி வந்ததே போதும்னு இருந்துட்டேன் செம்பகம். எழுதினா ஒனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. மறுபடி சங்கரன்கோவிலுக்குப் போயிருவியோன்னு...”

ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் முகத்தில் விழிக்கவே வெட்கமாக இருந்தது. அடுப்பை அணைத்தேனா என்று பார்ப்பதுபோல எழுந்து போனேன். அடுப்பே பற்ற வைத்திருக்கவில்லை.

ஜூலை 2, புதன்

எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

சுபா வரவில்லை.

இரண்டு நாளாக உட்கார்ந்து ஒரு மன்னிப்புப் பதிவு எழுதினேன். ‘என் மகளுக்கு’ என்று தலைப்பு. ஒளிக்காமல் எல்லாவற்றையும் எழுதினேன். அவளிடம் பொய் சொன்னது, நாலாவது வரி, அந்த டயப்பர், அதன் மேல் எழுதியிருந்தது, அடுப்படியில் அவள் நின்ற நிலை, நான் சங்கரன்கோவிலில் இருந்த காலம்கூட. எழுதும்போது நானே இரண்டு தரம் அழுதேன். சும்மா சொல்லக்கூடாது, பதினாறு வருஷத்தில் இப்படி ஒன்று நான் எழுதியதில்லை. படிக்கிறவர்கள் கலங்கிப்போவார்கள்.

இவருக்கு முழுசும் வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“நல்லாத்தான் இருக்கு. அவகிட்ட கேட்டியா?”

“எத?”

“இதப் போடலாமான்னு.”

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவள் என் மேடையில் வைத்துவிட்டுப் போன அந்தப் பொட்டலத்தை எடுத்து, மறுபடியும் அழகாகக் கட்டி, ஆயிரம் பேருக்கு அனுப்பப் பார்த்திருக்கிறேன். அதுவும் அழுதுகொண்டே. எந்த இடத்தில் எத்தனை பேர் கலங்குவார்கள் என்று வேறு கணக்குப் போட்டிருக்கிறேன். சீ என்று இருந்தது. அப்படியே அழித்தேன். அழிக்கும்போதும் கடைசிப் பத்தியை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் கை நின்றது. அதையும் எழுதிவைக்கிறேன், நான் யாரென்று எனக்கு மறந்துவிடக் கூடாது.

ஜூலை 9, புதன்

தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் போன் பண்ணுகிறேன். எடுக்கிறாள். சாப்பிட்டாயா என்றால் ம். உடம்பு எப்படி என்றால் ம். வகுப்பு? “நடக்குது.” கோபமாகப் பேசினால்கூடத் தேவலை. முன்பெல்லாம் பஸ்ஸில் ஏறியது முதல் இறங்கியது வரை ஒப்பிப்பாள், நான்தான் போதும்ட்டி காது வலிக்கிறது என்பேன். இப்போது அவளுக்கு என்ன நடந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. வேலை நிலைக்குமா போகுமா, யாராவது மனசுக்குப் பிடித்தவன் இருக்கிறானா, காய்ச்சலில் கிடக்கிறாளா, எதுவும். அப்பாவிடம் சொல்கிறாள் என்று நினைக்கிறேன். அவர் மாடிக்குப் போய்ப் பேசுகிறார். நான் வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது.

ஜூலை 13, ஞாயிறு

பொறுக்கமுடியாமல் தூத்துக்குடிக்குப் போனேன். பருப்புப்பொடி, முறுக்கு, வத்தல். ஸ்கூல் பக்கம் வந்துவிடாதே என்று முதலிலேயே சொல்லியிருந்தாள், ஹாஸ்டலுக்குத்தான் போனேன். வார்டன் சொல்லியனுப்ப, இறங்கி வந்தாள். மெலிந்திருந்தாள். வாசல் பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

“எல்லாத்தையும் எடுத்துட்டேன் சுபா. பழைய இடத்துலயும் எடுத்துட்டேன். தப்பு என் பேருலதான். மன்னிச்சிரு.”

“ம். பாத்தேன்.”

அதற்குள் கூடவே தங்கியிருக்கிற ஒரு டீச்சர் துணி மூட்டையோடு வந்தவள், என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். “ஆன்ட்டி, நீங்கதானா அது! அந்த மெத்தைக் கதைய எனக்கு எங்க சித்தி அனுப்பினாங்க. விழுந்து விழுந்து சிரிச்சோம் ஆன்ட்டி. என்னமா எழுதுறீங்க! இன்னும் நிறைய எழுதுங்க.”

பதினாறு வருஷமாக யாராவது எதிரே நின்று இப்படிச் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். நேரில் சொன்ன முதல் ஆள் இவள்தான். பக்கத்தில் என் மகள் முறுக்கு டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். எனக்குத் தலை நிமிரவில்லை. “அதெல்லாம் தப்பு தப்பா எழுதினதும்மா, சிரிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல” என்றேன். அந்தப் பிள்ளை திகைத்துப்போய் மாடியேறிவிட்டது.

சுபா பஸ் நிறுத்தம் வரை வந்தாள். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

ஜூலை 20, ஞாயிறு

தண்ணீர் வரவில்லை. லாரியில் வாங்கினோம்.

வாசகர்கள் கேட்கிறார்கள், பொட்டலம் எங்கே அக்கா, லிங்க் திறக்கவில்லையே என்று. மாற்றும்போது தொலைந்துவிட்டது என்று எழுதத்தான் முதலில் கை போனது. அப்படி எழுதவில்லை. “அவை என்னுடையவை அல்ல, அதனால் எடுத்துவிட்டேன்” என்று ஒரே வரி போட்டேன். வேறு யாரோ எழுதியதை நான் திருடிப் போட்டுவந்ததாக நினைத்துக்கொண்டு ஒருவர் திட்டியிருக்கிறார். இருக்கட்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மத்தியானம் போன் அடித்தது. சுபா. அவளாகப் பண்ணியது.

“எம்மா, ரசப்பொடிக்கு மிளகு எவ்வளவு, சீரகம் எவ்வளவு? இங்க ரூம்ல ஒரு சின்ன அடுப்பு வாங்கியிருக்கோம்.”

வலைப்பூவிலேயே இருக்கிறதே என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். “எழுதிக்கோ” என்று சொல்லி, மல்லியிலிருந்து ஆரம்பித்து நிதானமாகச் சொன்னேன். துவரம்பருப்பை எப்போது இறக்க வேண்டும் என்பதை இரண்டு தரம் சொன்னேன். அவளும் இரண்டு தரமும் கேட்டுக்கொண்டாள். வைத்த பிறகு இவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “ரசப்பொடிதான கேட்டா, அதுக்கு ஏன் அழுத?” என்றார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இவருக்கு வெளியூர் ட்யூட்டி. தனியாகச் சாப்பிட்டேன். கீழ்வீட்டு அக்கா வந்து, “என்ன செம்பகம், இப்பல்லாம் போனையும் கையுமா ஒன்னப் பாக்க முடியலையே” என்றார். கண் வலி என்றேன்.

ஆகஸ்ட் 30, சனி

நாளை வருகிறேன் என்று சுபாவிடமிருந்து மெசேஜ். வேறொன்றும் இல்லை. காலையிலிருந்து மாலைக்குள் அதை எத்தனை தரம் எடுத்துப் பார்த்தேன் என்று சொன்னால் கேவலம். சின்ன வெங்காயம் வாங்கி வைத்தேன், அவளுக்குப் பிடித்த காரக்குழம்புக்கு.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பழைய இடம் இன்றோடு மூடுகிறது. மெஹர் ஞாபகப்படுத்தினாள். நான் போய்ப் பார்க்கவில்லை.

சுபா பத்து மணிக்கு வந்தாள். அப்பாவைப் பார்த்துவிட்டு நேராக அடுப்படிக்கு வந்து, முறத்தை இழுத்துப் போட்டுத் தரையில் உட்கார்ந்தாள். வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். நானும் எதிரே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் உரித்தோம். அப்புறம் அவள் எழுந்துபோய் அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு வந்து, “எம்மா, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றாள்.

சொன்னாள். கேட்டுக்கொண்டேன்.

வெங்காயம் அரைக் கிலோ உரித்தோம். குழம்பு நன்றாக வந்தது.